இடியாப்ப அக்காவுக்கு நான் போட்ட டியூன்

சென்ற வருடம் ஆடி மாதம் நடந்தது இது. திண்டுக்கல் நாகல் நகரில் நான் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஜெராக்ஸ், இவைதான் தொழில். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பிழைப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, பத்திரிகை அடிக்க ஆள் கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். என் கடையில் பறக்க ஜெராக்ஸ் பேப்பர் மட்டும்தான் இருந்தது. அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. கம்ப்யூட்டரில் சொந்தமாக மியூசிக் போட வேண்டும்.

எனக்கும் சங்கீதத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாட நிறுத்தியபோது, "நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்று வாத்தியார் என்னிடம் தனியாகச் சொன்னார். அப்படிப்பட்ட ஆள் நாற்பத்தைந்து வயதில் இசையமைப்பாளர் ஆகப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அது இன்னும் மோசம்.

முதலில் யூடியூபில் பார்த்த பெரிய மியூசிக் சாஃப்ட்வேர் ஒன்றைக் கடை கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து போய்விட்டது. அது பத்திரிகை டிசைன் போடவே மூச்சு வாங்குகிற பழைய பெட்டி. வெறுத்துப் போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள், உங்கள் கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் டிராக்கர் பயன்படுத்துங்கள் என்று. சின்ன சாஃப்ட்வேர், காசு கிடையாது, எந்தப் பெட்டியிலும் ஓடும்.

திறந்து பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பியானோ படம் இல்லை, சுருள் சுருளாக எழுதும் மேல்நாட்டு சங்கீதக் குறிகள் இல்லை. கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக எழுத்தும் எண்ணும்தான். பஸ் ஸ்டாண்டில் எழுதி வைத்திருக்கும் கால அட்டவணை மாதிரி இருந்தது. ஒவ்வொரு பத்தியும் ஒரு வாத்தியம். மேலிருந்து கீழே ஒரு கோடு வரிசையாக ஓடிக்கொண்டே வரும். எந்த வரிசையில் எழுத்து இருக்கிறதோ அங்கே சத்தம் வரும். வரிசை காலியாக இருந்தால் ஒன்றும் வராது. சுரத்தை எல்லாம் கீபோர்டில் டைப் அடித்தாலே போதும். டைப் அடிக்கிறதா? அது நம்ம ஏரியாவாயிற்றே!

ஆனால் அது எளிதில் மசியவில்லை. ஒரு சுரத்தைப் போட்டால் அதை நிறுத்தவும் ஒரு குறி போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் நான் போட்ட ஒற்றைச் சுரம் லாரி ஹாரன் சிக்கிக்கொண்ட மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து செருப்புக் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். வேகத்தைக் கூட்டலாம் என்று எண்ணைக் கூட்டினால் பாட்டு நொண்ட ஆரம்பித்தது. எண் குறையக் குறையத்தான் வேகம் கூடுமாம்! ஒன்பதுக்கு அப்புறம் பத்து வராது, எழுத்து வரும். பத்து என்று போட்டால் அது பதினாறாம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க ஒருவர் வந்து எதிரில் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் திரையைப் பார்க்காமல் வழக்கம்போல மளமளவென்று டைப் அடித்தேன். திறந்திருந்ததோ டிராக்கர். "எங்களை ஆறாத் துயரில்" என்று நான் அடித்ததெல்லாம் டிங் டாங் டொய்ங் என்று ஸ்பீக்கரில் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

இப்படித் தட்டுத் தடுமாறி நான் ஓரளவு கற்றுக்கொண்ட சமயத்தில்தான் இடியாப்ப அக்கா என் கடைக்கு வந்தார்.

எங்கள் பகுதியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. முஸ்லிம் குடும்பம். கணவர் ஒரு பிரியாணிக் கடையில் சமையல் வேலை. அக்கா விடியற்காலையிலேயே இடியாப்பம் அவித்து, மொபெட்டின் பின்னால் பெரிய எவர்சில்வர் அண்டாவைக் கட்டிக்கொண்டு, முன்னால் தேங்காய்ப்பால் தூக்கை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "இடியாப்போய்ம்ம்" என்று அவர் இழுக்கும் இழுப்பு ரெண்டு தெரு தள்ளிக் கேட்கும். என் வீட்டில் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டோம், அக்கா குரல் வந்தால் ஸ்கூல் பிள்ளைகள் குளிக்கப் போக வேண்டும் என்று அர்த்தம்.

கடைக்கு வந்தவர் வாயைத் திறக்கவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். பிறகு போனில் டைப் அடித்து என் முன்னால் நீட்டினார். தொண்டையில் குரல் நரம்பு வீங்கிக் கிடக்கிறதாம். ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அதற்கப்புறமும் கூவி விற்கிற வேலையே ஆகாது, மீறினால் ஆபரேஷன், குரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வண்டியில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் போட "இடியாப்பம்" என்று யாராவது குரலைப் பதிந்து பென் டிரைவில் தர முடியுமா என்று கேட்டார். கூவாமல் போனதில் முந்தின நாள் பாதி அண்டா அப்படியே திரும்பி வந்ததாம். அதையும் எழுதியிருந்தார்.

பாவமாக இருந்தது. சொன்ன வேலையைச் செய்து கொடுத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குள் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் சும்மா இருப்பாரா? "அக்கா, இப்பத் தெருவுல எல்லாமே ரெக்கார்டு குரல்தான். வெங்காயம், உப்பு, பழைய இரும்பு, எல்லாம் கத்திக்கிட்டே போகுது, யாரும் காதுல வாங்குறது இல்ல. உங்களுக்குன்னு தனியா ஒரு டியூன் போட்டுத் தாரேன். கேட்டாலே சனம் வெளிய வந்து நிக்கணும்" என்றேன். அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

உட்கார்ந்தேன் பாருங்கள், அன்றைக்கு ஆச்சரியமாக டியூன் அருவி மாதிரி வந்தது. அதுவரை நான் போட்டதெல்லாம் தகர டப்பா உருண்ட மாதிரி இருக்கும். இது துள்ளிக்கொண்டு வந்தது. விரல் தானாகப் போய் எழுத்தைத் தட்டுகிறது, தட்டுவதெல்லாம் சரியாக இருக்கிறது. எங்கிருந்தடா வருகிறது இது என்று எனக்கே புல்லரித்துப் போனது. மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கயோ கேட்ட மாதிரி இருக்குங்க" என்றாள்.

நல்ல பாட்டு என்றால் அப்படித்தான், முதல் தடவை கேட்கும்போதே பழகின மாதிரி இருக்கும் என்று நான் அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். சாயங்காலம் அக்கா வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். நம் பாட்டு முதல் தடவையாக வெளியே ஒலிக்கப் போகிறது, சும்மாவா? மனைவி பாத்திரத்தோடு பக்கத்தில் நின்றாள். தெருமுனையில் அக்கா வண்டி திரும்பியதும் டியூன் கேட்டது. கணீரென்று இருந்தது. நான் சொன்ன மாதிரியே கதவுகள் திறந்தன. ஒரு வீடு, ரெண்டு வீடு இல்லை, மொத்தத் தெருவும் திறந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது.

எல்லார் கையிலும் குப்பைக் கூடை இருந்தது.

பச்சைக் கூடை, நீலக் கூடை, மக்கும் குப்பை, மக்காத குப்பை, பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் பை. "என்ன, இன்னைக்கு வெள்ளனமே வந்துட்டாய்ங்க" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு வருகிற குப்பை வண்டியில் ஒரு டியூன் போடுவார்கள். வருடக்கணக்காகப் பாதித் தூக்கத்தில் கேட்டுக் கேட்டு அது என் மண்டைக்குள் குடியேறியிருக்கிறது. அருவி மாதிரி வந்தது அதுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, எனக்குக் குரங்கு கூடச் சொந்தமாக வரவில்லை.

கூத்து அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைசி வீட்டுக்காரர் லுங்கியும் வாயில் பிரஷ்ஷுமாகத் தூக்கக் கலக்கத்தில் வந்தார். வண்டியின் பின்னால் பெரிய அண்டா தெரிந்தது, கூடையைத் தூக்கி அதன் மேல் சாய்க்கப் போனார். அக்காவுக்கு "வேண்டாம்" என்று ஒரு சத்தம் போட முடியவில்லை. வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. குனிந்து, அண்டாவின் மேல் தன் உடம்பைக் கொடுத்து மறைத்தார். டீத்தூளும் வாழைப்பழத் தோலும் அவர் முக்காட்டிலும் அண்டாவை மூடியிருந்த வெள்ளைத் துணியிலும் விழுந்தன. நான் ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தப் பார்த்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. என் டியூன் உற்சாகமாகப் பாடிக்கொண்டே இருந்தது.

லுங்கிக்காரர் பதறிப் போய் மன்னிப்புக் கேட்டார். அண்டாவுக்குள் ஒன்றும் விழவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நின்ற யாரும் அன்றைக்கு இடியாப்பம் வாங்க முன்வரவில்லை. அக்கா துணியை உதறி மடித்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என்னையும் பார்க்கவில்லை.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள் மனைவி. அவள் கையில் இருந்த பாத்திரம் காலியாகவே வீட்டுக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் நிஜமான குப்பை வண்டி வந்தது. அதே டியூன்தான். ஆனால் ஒரு தடவை ஏமாந்த தெரு இரண்டாம் தடவை எழுந்து வரவில்லை. பாதிப் பேர் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள், நாய்கள் இழுத்துப் போட்டுவிட்டன. மத்தியானம் என் கடை வாசலில் அந்த வண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பச்சைக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. யாரிடம் விசாரித்தாரோ தெரியவில்லை, நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"ஏண்ணே, எங்க பாட்ட எடுத்து இடியாப்பத்துக்குப் போட்டது நீங்கதானா?"

ஆமாம் என்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "ஒங்களுக்கு வேற பாட்டே கெடைக்கலயா? இந்த ஊருல இம்புட்டுச் சினிமாப் பாட்டு இருக்கு, குப்பப் பாட்டுதான் இனிச்சுச்சா? தெரு பூராம் குப்ப கெடக்குது, சூப்பர்வைசரு என்னையத்தான் கேக்குறாரு. வீடு வீடாப் போயி கதவத் தட்டிக் கத்திட்டு வாரேன்."

கோவிச்சுக்காதே தாயி, தெரியாமல் நடந்துவிட்டது என்று அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அக்காவின் தொண்டையைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அந்த அக்காவுக்கா? அடக் கடவுளே. அண்ணே, முன்னாடி நாங்களும் விசில ஊதிக்கிட்டு, குப்ப குப்பன்னு கத்திக்கிட்டேதான் வருவோம். ராத்திரி சோறு முழுங்க முடியாது, தொண்ட அப்புடி எரியும். அந்தப் பாட்டு வந்தப்புறந்தான் நிம்மதியா இருக்கோம். ஒங்களுக்கு அது பாட்டுண்ணே. எங்களுக்கு அதான் தொண்ட."

அவர் போகும்போது, "அக்கா திரும்ப வாரப்பச் சொல்லுங்க, தெருவுல நான் சொல்லி வுடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அக்கா வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தெருவில் பிள்ளைகள் "குப்பை இடியாப்பம், குப்பை இடியாப்பம்" என்று பாடி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். என் பிள்ளையும் அதில் ஒருத்தன். அதட்டினேன். அதட்டி என்ன பிரயோஜனம்?

தாங்க முடியாமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போனேன். அவர்தான் பேசவே கூடாதே. பாய் விரித்து உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார். மனைவிதான் என் சார்பில் பேசினாள்.

"அக்கா, இந்த மனுசனுக்கு நல்லது செய்யணும்னு ஆச இருந்த அளவுக்கு அறிவு இல்ல. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. வியாபாரத்த விட்றாதீங்க."

அக்கா போனை எடுத்து எழுதி நீட்டினார். "தம்பி மேல கோவம் இல்ல. சாப்பாட்டு வியாபாரம். குப்பைனு ஒரு பேர் விழுந்துருச்சுன்னா அப்புறம் யார் வீட்ல வாங்குவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

கோபம் இல்லை என்றது என்னை அறைந்த மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு முடிவு செய்தேன், இந்தத் தடவை எதையும் போடுவதற்கு முன்னால் முதலில் கேட்பது என்று.

அடுத்த சில நாட்கள் காலையில் அக்கா போகிற தெருக்களில் சும்மா நடந்தேன். ஊர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குக்கர் விசில், ஸ்கூல் வேன் ஹாரன், வெங்காய வண்டி ரெக்கார்டு, தண்ணீர் மோட்டார், டி.வி.யில் பக்திப் பாட்டு, எல்லாவற்றுக்கும் நடுவே குப்பை வண்டி டியூன். பிறகு கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒன்று ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புக்கு முன்னால் வருகிற சத்தம் மாதிரி வந்தது. ஒன்று லாரி பின்னால் வரும்போது கத்துகிற மாதிரி இருந்தது. இன்னொன்றைக் கேட்டுவிட்டு செருப்புக் கடைக்காரர் தன் போனை எடுத்துக் காதில் வைத்தார். என் தலைக்குள் சொந்தமாக ஒரு சத்தம் கூட இல்லை என்பது ஐயமறத் தெரிந்துவிட்டது.

அப்படியானால் அக்காவிடம் என்ன சத்தம் இருக்கிறது? மறுபடி அவர் வீட்டுக்குப் போய், தேங்காய்ப்பால் கரண்டியால் அண்டா மூடியைத் தட்டச் சொல்லி போனில் பதிந்துகொண்டேன். கனமான பழைய மூடி. டங் என்று மணி மாதிரி ஒரு சத்தம், பின்னாலேயே மெல்லிய ரீங்காரம். தெருவில் எந்தச் சத்தத்தோடும் அது சேரவில்லை. டிராக்கரில் இப்படிப் பதிந்த சத்தத்தை ஏற்றி வாத்தியம் மாதிரி வாசிக்கலாம். ஏற்றினேன். பழக்கதோஷம், எல்லா வரிசையையும் டங் டங் என்று நிரப்பினேன். கேட்டால் பாத்திரக் கடையில் அடிதடி நடக்கிற மாதிரி இருந்தது. மனைவி கடைக்குள் வராமலே திரும்பிப் போனாள்.

ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். அழிக்க அழிக்க அந்த ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: சட்டென்று ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு, அப்புறம் நீளமாகக் காலி வரிசைகள். டங்டங், டங். பேசாமல் இருக்கும். மறுபடி டங்டங், டங். இதுவரை நான் கற்றுக்கொண்ட மொத்த வித்தையும் இந்தக் காலி வரிசைகளில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மனைவியோடு போய் என் போனை அக்கா கையில் கொடுத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அந்தச் சத்தத்தை எப்படி ஏற்றினேன், எத்தனை நாள் அழித்தேன் என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அண்டா அக்காகிட்ட இருக்கு. கரண்டியும் இருக்கு. தட்டுனாப் போதாதா? அதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?"

நான் அவளைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். அந்த விவகாரம் நடந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு முகம் சுருங்கிப் போனது. இம்புட்டு நாள் பட்ட பாடு ஒரு கரண்டியில் முடிந்ததே! ஆனால் அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டு அக்கா எழுந்து கரண்டியை எடுத்தார். மூடியில் தட்டினார். சும்மா தட்டவில்லை. டங்டங், டங். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் விட்டிருந்த அளவுக்குச் சரியாக நிறுத்தி வைத்திருந்தார். பிறகு மறுபடி தட்டினார். என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது தேவைப்படவில்லை.

மறுநாள் குப்பை வண்டி வந்தபோது அந்தத் தூய்மைப் பணியாளர் சொன்னதைச் செய்தார். நான் முன்கூட்டியே விஷயத்தை அவர் காதில் போட்டு, அன்றைக்கு மட்டும் குப்பை வண்டிக்குப் பின்னால் வரும்படி அக்காவிடமும் சொல்லி வைத்திருந்தேன். கூடையை வாங்கிக் கொட்டிக்கொண்டே வீட்டுக்கு வீடு சொன்னார். "பாட்டுக் கேட்டா குப்ப. டங்குடங்குன்னு கேட்டா இடியாப்பம். மாத்தி எடுத்துட்டு வந்துராதீங்க! கையக் கழுவிட்டு இருங்க, அக்கா செத்த நேரத்துல வரும். நானே வாங்கித்தான் சாப்புடப் போறேன்." குப்பை வண்டிக்காரரே வாங்கிச் சாப்பிடப் போகிறேன் என்று சொன்ன பிறகு எந்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்? அவர் சும்மாவும் சொல்லவில்லை. தெருக்கோடியில் வண்டியை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவி, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லார் கண்ணும் பார்க்க முதல் ஆளாக வாங்கி, அக்காவின் மொபெட் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அம்மா பாத்திரத்தோடு வந்தார். அப்புறம் லுங்கிக்காரர் வந்தார், இந்தத் தடவை பல் விளக்கி முடித்துவிட்டு.

முழு அண்டாவும் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிஞ்சியது. அந்தப் பேர் மறையவும் நாள் பிடித்தது. ஆனால் ஆவணி பிறந்து என் கடையில் பத்திரிகை வேலை குவிய ஆரம்பித்த சமயத்தில், அக்கா எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே அண்டா காலியாகிவிடுகிறது என்று அடுத்த தெருக்காரர்கள் குறைபட ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு இப்போது குரல் வந்துவிட்டது. மெதுவாக, கரகரவென்று பேசுகிறார். கூவுவது மட்டும் கிடையாது, இனி எப்போதும் கிடையாது. பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று என் வாசலில் வண்டியை நிறுத்தி அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, பாட்டு வேணாம்ப்பா."

நான் இன்னும் டிராக்கரை விடவில்லை. பாட்டு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றிரண்டு போட்டிருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை. ஆனால் தினமும் காலையில் வெளியே டங்டங், டங் என்று கேட்கும். பிறகு அந்த இடைவெளி வரும். அதற்குள் மாடியிலிருந்து யாரோ ஒருத்தர், "அக்கா நில்லுங்க, வாரேன்!" என்பார். அந்தக் குரல் கேட்பதற்கு இடம் வேண்டும் என்று அந்தக் காலி வரிசைகளை விட்டபோது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். கடையில் உட்கார்ந்து எந்தச் சத்தத்தைப் போடப் போனாலும், அங்கே ஏற்கெனவே யார் சத்தம் இருக்கிறது, அதை நம்பி யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்கிற புத்தி எனக்கு வந்திருக்கிறது, நாற்பத்தைந்து வயதில் வந்தாலும் வந்ததே பெரிய விஷயம்தான்.